பல்லையும் ஈறையும் காத்த மருத்துவ மேதை அஸ்ஸஹ்ராவி

மிஸ்வாக் செய்வதை நமது நாயகம் (ஸல்) அவர்கள் எவ்வளவு விரும்பினார்கள் என்பதை நாம் அறிவோம். தம் உம்மத்தினருக்குச் சிரமமாகிவிடுமே என்ற இரக்கம் மட்டும் இல்லாதிருந்தால், ஒவ்வொரு தொழுகைக்கும் அதனைக் கட்டாயமாக்கியிருப்பார்கள் என்று புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் காண்கிறோம். இறுதி நோயில் படுத்திருந்த வேளையிலும் அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களின் கையிலிருந்த மிஸ்வாக் குச்சியைப் பெருமானார் (ஸல்) அவர்கள் நோக்கினார்கள். குறிப்பறிந்த அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதனை வாங்கி மென்று மிருதுவாக்கிக் கொடுக்க, அதனால் பல் துலக்கிய பின்னரே நாயகம் அவர்கள் இவ்வுலகைப் பிரிந்தார்கள்.

இத்தகைய சுன்னத்தைப் பெற்ற நம்மில் பலருடைய வாயின் நிலை என்ன? உளூச் செய்து வாய் கொப்பளிக்கும்போது இரத்தம் கசிகிறது. ஈறு வீங்குகிறது. நாற்பது, ஐம்பது வயதிலேயே பல் ஆடுகிறது. மருத்துவரிடம் சென்று காரையை எடுத்துவிடுங்கள் என்றால், சுரண்டினால் இருக்கிற பல்லும் ஆடிப்போகும் என்று அஞ்சுகிறோம். இந்த அச்சத்திற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே விடை எழுதி வைத்த ஒரு முஸ்லிம் மருத்துவரின் வரலாற்றை இம்மாதம் காண்போம்.

ஸஹ்ரா நகரின் மைந்தர்

அன்னாரின் பெயர் அபுல் காஸிம் கலஃப் இப்னு அப்பாஸ் அஸ்ஸஹ்ராவி. மதீனாவின் அன்ஸாரிகளுடைய வழித்தோன்றல் என்பதால் அல்அன்ஸாரி என்றும் அழைக்கப்பட்டார்கள். ஐரோப்பியர் அவர்களை அபுல்காஸிஸ் என்பர். இன்றைய ஸ்பெயின் நாடு அன்று அந்தலூஸ் என்ற பெயரில் முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்தது. அதன் தலைநகரான குர்துபாவிற்கு மேற்கே, கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மான் அவர்கள் கி.பி. 936 ஆம் ஆண்டு வாக்கில் மதீனத்துஸ் ஸஹ்ரா என்னும் அழகிய நகரை எழுப்பத் தொடங்கினார்கள். நமது மருத்துவர் பிறந்ததும் ஏறத்தாழ அதே காலம்தான் என்பர். ஊரின் பெயரே அவர்களுக்குப் புகழ்ப்பெயராக நிலைத்தது.

அவர்களுடைய இளமைக்காலத்தைப் பற்றிய செய்திகள் மிகக் குறைவு. ஆனால் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுக்கால மருத்துவ அனுபவத்தைத் திரட்டி அவர்கள் எழுதிய அத்தஸ்ரீஃப் என்னும் பெருநூல் அவர்களை நமக்கு நன்கு அறிமுகப்படுத்துகிறது. அது 30 பாகங்களைக் கொண்டது. நோய்கள், மருந்துகள், உணவு முறை ஆகியவற்றை விரித்துரைத்துவிட்டு, முப்பதாம் பாகத்தை அறுவை மருத்துவத்திற்கென ஒதுக்கினார்கள். சூடு போடுதல், அறுத்தல், எலும்பு முறிவைச் சீர்செய்தல் என்று மூன்று பகுதிகளாக அது அமைந்துள்ளது. ஏறத்தாழ 200 கருவிகளின் படங்களும் அதில் உண்டு. கருவியைச் சொல்லால் மட்டும் விளக்காமல் படமாகவும் வரைந்து காட்டியது, கற்போருக்கு அவர்கள் செய்த பேருதவியாகும்.

உடற்கூறு அறியாதவன் கத்தியைத் தொடலாகாது என்பதில் அவர்கள் மிகக் கண்டிப்பானவர்கள். கல்வியில்லாத ஒரு மருத்துவன் ஒரு பெண்ணின் கழுத்திலிருந்த கட்டியை அறுக்கப் போய், இரத்தக் குழாய்களையும் அறுத்துவிட, அவள் அங்கேயே இறந்து விழுந்ததைத் தாமே கண்டதாக எழுதியுள்ளார்கள். ஓர் உயிர் தம் கையில் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது, அது அமானிதம் என்ற எண்ணம் அவர்களுடைய நூல் முழுவதிலும் விளங்குகிறது.

பற்களைப் பற்றிய பாடம்

பற்களைக் குறித்து அவர்கள் எழுதியவை நம் கருத்திற்குரியவை. பல் வலித்ததும் பிடுங்கிவிடக் கூடாது. எல்லா மருந்துகளையும் முயன்று பார்க்க வேண்டும். பல் என்பது மேலான உறுப்பு, போனால் அதற்கு ஈடில்லை என்று அறிவுறுத்தினார்கள். வலியின் மிகுதியால் நோயாளி நல்ல பல்லைச் சுட்டிக்காட்டிவிடுவதுண்டு. அதை நம்பி அறிவற்ற நாவிதர்கள் நல்ல பல்லைப் பிடுங்கிவிட, நோயுற்ற பல்லும் வலியும் அப்படியே நிற்கும். ஆகவே எந்தப் பல் நோயுற்றது என்பதை உறுதி செய்துகொண்ட பின்னரே கை வைக்க வேண்டும் என்றார்கள்.

பல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்வதற்கென்றே தனி அத்தியாயம் ஒன்று உள்ளது. பல்லின் உட்புறத்திலும் வெளிப்புறத்திலும் ஈறுகளின் அடியிலும் சொரசொரப்பான படிவுகள் சேருகின்றன. அவை கறுப்பாகவோ, பச்சையாகவோ, மஞ்சளாகவோ இருக்கும். அந்தக் கேடு ஈறுகளையும் பற்றிக்கொள்ள, நாளடைவில் பல்லின் வேர்ப்பகுதி வெளியே தெரியத் தொடங்கும் என்று விளக்கினார்கள். ஆடும் பல்லுக்குக் காரணம் சுரண்டும் கருவி அன்று, சுரண்டாமல் விட்ட படிவே என்பது இதிலிருந்து தெளிவாகிறதல்லவா?

சிகிச்சை முறையையும் ஒழுங்காகச் சொல்லியுள்ளார்கள். நோயாளியின் தலையை மருத்துவர் தம் மடியில் வைத்துக்கொண்டு, படிவும் மணல் போன்ற துகளும் ஏதும் மிஞ்சாத வரை சுரண்ட வேண்டும். ஒரே நாளில் முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் மறுநாளும், மூன்றாம் நாளும், நான்காம் நாளும் தொடர வேண்டும். உட்புறத்திற்கு ஒரு கருவி, வெளிப்புறத்திற்கு வேறொன்று, பல்லிடுக்கிற்கு மற்றொன்று என்று 14 சுரண்டிகளைப் படத்துடன் காட்டியுள்ளார்கள். இறைவன் நாடினால் என்ற சொல்லைச் சேர்க்கவும் அவர்கள் மறக்கவில்லை.

ஆடும் பற்களைத் தங்கக் கம்பியால் பின்னிக் கட்டும் முறையையும் எழுதினார்கள். வெள்ளி சில நாட்களில் பச்சை படிந்துவிடும், தங்கம் கெடாது என்பது அவர்கள் கூறிய காரணம். விழுந்த பல்லுக்குப் பதிலாக மாட்டெலும்பில் பல் செதுக்கிப் பொருத்தலாம் என்றும் குறிப்பிட்டார்கள்.

மறைவும் புகழும்

அவர்களுடைய முதுமைக் காலத்தில் அந்தலூஸில் உள்நாட்டுப் பூசல் மூண்டது. ஸஹ்ரா நகரம் சூறையாடப்பட்டுப் பாழாயிற்று. ஹிஜ்ரி 400 க்குப் பின்னர் அவர்கள் மறைந்தார்கள், கி.பி. 1013 என்று பலரும் குறிப்பிடுவர். மாளிகைகள் மண்ணில் புதைந்தன. 1911 இல்தான் அங்கு அகழாய்வு தொடங்கியது. நூலோ அழியவில்லை. அதே குர்துபாவைச் சேர்ந்த பேரறிஞர் இப்னு ஹஸ்ம் அவர்கள் அதனைப் புகழ்ந்துரைத்தார்கள். 12 ஆம் நூற்றாண்டில் துலைத்துலா நகரில் கிரெமோனாவின் ஜெரார்டு என்பவர் அறுவை மருத்துவப் பாகத்தை லத்தீனில் பெயர்த்தார். பின்னர் பல நூற்றாண்டுகள் ஐரோப்பிய மருத்துவர்கள் அதனைப் பயின்றனர்.

நமக்குள்ள படிப்பினை

இன்றைய மருத்துவம் அவர்களுடைய கூற்றுக்குக் காரணம் காட்டுகிறது. பல்லின் மேல் படியும் மெல்லிய படலத்தில் நுண்கிருமிகள் வாழ்கின்றன. மிஸ்வாக்கோ பிரஷ்ஷோ அதனை அன்றாடம் அகற்றிவிடும். விட்டுவிட்டால் அது உமிழ்நீரிலுள்ள சுண்ணச் சத்தினால் இறுகிக் காரையாகிறது. இறுகிய காரையை எந்தக் குச்சியாலும் பற்பொடியாலும் எடுக்க முடியாது. ஈறு சிவந்து இரத்தம் கசியும் நிலையில் சுத்தம் செய்தால் முற்றிலும் குணமாகும். நோய் உள்ளே இறங்கிப் பல்லைத் தாங்கும் எலும்பை அரித்துவிட்டாலோ, மேலும் அரிக்காமல் தடுக்கலாமே தவிர, போன எலும்பு தானாகத் திரும்புவதில்லை. புகையிலை போடுவோருக்கும் நீரிழிவு உள்ளோருக்கும் இந்நோய் விரைவில் முற்றும்.

இப்போது மருத்துவர்கள் நீரைப் பீய்ச்சியபடி நுண்ணதிர்வால் காரையைப் பெயர்க்கும் கருவியைப் பயன்படுத்துகின்றனர். சுத்தம் செய்த பின் சில நாள் பல் கூசும். காரை அடைத்திருந்த இடம் காலியாவதால் இடைவெளி தெரியும். இதைக் கண்டுதான் பல் ஆடிவிட்டதாக நம்மவர் தவறாக எண்ணுகின்றனர். இருதய வால்வு நோய் உள்ளோரும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போரும் அதனை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஈறில் இரத்தம் கசிவது வணக்கத்தையும் தொடுகிறது. உமிழ்நீரைவிட இரத்தம் மிகுந்தாலோ, சமமாக இருந்தாலோ ஹனஃபி மத்ஹபில் உளூ முறியும். ஷாஃபிஈ மத்ஹபில் உளூ முறியாது. ஆயினும் இரத்தம் நஜீஸ் ஆகையால் வாயைக் கழுவ வேண்டும். நோன்பாளி அதனை விழுங்கிவிடாமல் பேணிக்கொள்ள வேண்டும். எனவே ரமலானுக்கு முன்பே, ஷஃபானிலேயே பல்லைச் சுத்தம் செய்துகொள்வது நல்லது.

இன்னொன்றும் உண்டு. குர்ஆன் ஓதும்போது ஸா, தால், ளா என்னும் எழுத்துக்கள் நாவின் நுனி மேல் முன்பற்களின் ஓரத்தைத் தொடும்போதே பிறக்கின்றன. ஃபா என்னும் எழுத்துக்கும் மேல் முன்பற்கள் வேண்டும். பற்களை இழந்த நம் பெரியவர்கள் அவ்வெழுத்துக்களைச் சரியாக மொழிய இயலாமல் வருந்துவதை நாம் கண்டிருக்கிறோம். பேரப்பிள்ளைகளுக்கு அலிஃப், பே சொல்லிக் கொடுக்க வேண்டிய வாய் அல்லவா அது!

ஆகவே மிஸ்வாக்கைக் கைவிடாதிருப்போம். அதனால் எடுக்க முடியாத காரையை, ஆண்டுக்கு ஒரு முறையேனும், அல்லது மருத்துவர் சொல்லும் தவணையில் அகற்றிக்கொள்வோம். அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி (ரஹ்) அவர்களின் கப்ரை வல்ல அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக! நம் வாய்களைத் தூய்மையாக்கி, இறுதிவரை அவனது வேதத்தைத் திருத்தமாக ஓதும் பேற்றினை நல்குவானாக! ஆமீன்.