மரைக்குள் ஒரு மனிதர்

பிட்டிங் ஷாப்பில் டேப் போடுறப்ப அதன் தண்டில் பொறித்த எழுத்தைப் படிப்பவர் நம்மில் எத்தனை பேர்? நான் படிக்காதவன். அரை அங்குல போல்ட்டுக்குக் கையில் கிடைத்த டேப்பைப் போட்டேன். போல்ட்டு ரெண்டு சுத்து போனது, அப்புறம் இறுகிக்கிட்டது. போல்ட்டு பி.எஸ்.டபிள்யூ., அங்குலத்துக்கு 12 மரை. டேப்போ யு.என்.சி., 13 மரை. ஒரு வாரம் ராவிய ஜாப் வீண்!

அந்த 'டபிள்யூ'தான் ஜோசப் விட்வொர்த். 1803-ல் இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட்டில் பிறந்தார். மாமாவின் பஞ்சாலையில் சேர்த்தார்கள். அதை விட்டு மான்செஸ்டர் போய் மெக்கானிக் ஆனார். லண்டனில் மாட்ஸ்லேயிடம் தொழில் கற்று, 1833-ல் மான்செஸ்டரில் சொந்தப் பட்டறை போட்டார்.

அன்று பட்டறைக்குப் பட்டறை மரை வேறு. ஒருவர் நட்டு இன்னொருவர் போல்ட்டில் ஏறாது. நாமாக இருந்தால் நம்ம மரையைத்தான் எல்லாரும் போடணும்னு அடம்பிடிப்போம். அவரோ பல பட்டறைகளின் திருகுகளைச் சேகரித்து, அளந்து, சராசரி எடுத்தார். கோணம் 55 டிகிரி, மேடும் பள்ளமும் வட்டம். இந்த முறையை 1841-ல் முன்வைத்தார். பிரிட்டிஷ் ரயில்வே கம்பெனிகள் ஏற்றன.

1868-ல் இளம் மெக்கானிக்குகள் படிக்க உதவித்தொகை நிறுவினார். வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான், அதனால் இந்த வரியை இரண்டு முறை படித்தேன். 1887-ல் மான்டி கார்லோவில் காலமானார்.

இன்று 60 டிகிரி மெட்ரிக்தான் அதிகம். ஆனாலும் டேப் வாங்குறப்ப தண்டு எழுத்து, எச்.எஸ்.எஸ். முத்திரை, பல் மழுங்கல் எல்லாம் பார்த்து, பிட்ச் கேஜும் கேட்கிறேன். ஸ்டோர் அண்ணன் முறைக்கிறார்.