டைட்டானிக்கில் தப்பிய 700 பேரை மீட்ட கேப்டன்

டைட்டானிக் கப்பல் மூழ்கிய கதை எல்லோருக்கும் தெரியும். சினிமாவிலும் பார்த்தாச்சு. ஆனால் அந்த கப்பலில் இருந்து தப்பி, நடுக்கடலில் படகுகளில் குளிரில் விறைத்துக் கிடந்த 700-க்கும் மேற்பட்டவர்களை கரை சேர்த்தது யார்? அவர்தான் கார்பேதியா என்ற பயணிகள் கப்பலின் கேப்டன் ஆர்தர் ராஸ்ட்ரன்.

13 வயதில் பயிற்சி

இங்கிலாந்தில் உள்ள போல்டனில் 1869-ம் ஆண்டு மே 14-ந்தேதி பிறந்தார். பஞ்சாலைகள் நிறைந்த ஊர் அது. பையனுக்கோ கடல் மீதுதான் ஆசை. 13 வயதில் மாலுமி பயிற்சி கப்பலில் சேர்ந்தார். பிறகு பாய்மரக் கப்பல்களில் அடிமட்டத்தில் இருந்து வேலை கற்றுக்கொண்டார்.

1895-ல் குனார்டு கப்பல் கம்பெனியில் சேர்ந்தார். சட்டுனு முடிவெடுப்பவர் என்பதால் கூட வேலை பார்த்தவர்கள் மின்சாரப் பொறி என்று பட்டப்பெயர் வைத்தார்கள். 1912 ஜனவரியில் கார்பேதியாவின் கேப்டன் ஆனார். அது ஆடம்பர கப்பல் இல்லை. வேகமும் 14 நாட் அளவுதான்.

நள்ளிரவில் வந்த தகவல்

1912 ஏப்ரல் 11-ந்தேதி கார்பேதியா நியூயார்க்கில் இருந்து மத்திய தரைக்கடலுக்கு கிளம்பியது. 14-ந்தேதி இரவு கேப்டன் படுக்கப் போய்விட்டார்.

வயர்லெஸ் ஆபரேட்டர் ஹரால்டு காட்டமுக்கு அப்போது வயது 21. வேலை முடிந்து அவரும் தூங்கப் போகும் நேரம். காதில் மாட்டிய கருவியை கழற்றாமல் இருந்ததால் டைட்டானிக்கின் அபாயச் செய்தி சிக்கியது. கேப்டன் அறைக் கதவை திறந்துகொண்டு உள்ளே ஓடினார்.

யாரடா இது என்று முதலில் எரிச்சல்பட்ட ராஸ்ட்ரன், விஷயம் தெரிந்ததும் உடனே கப்பலை திருப்பச் சொன்னார். தகவல் நிஜம்தானா என்று கேட்டதே அதற்குப் பிறகுதான்!

சுடுதண்ணீர் கட்

டைட்டானிக் இருந்த இடம் 58 கடல் மைல் (சுமார் 107 கிலோமீட்டர்) தூரம். ஓய்வில் இருந்த தொழிலாளர்களும் எழுப்பப்பட்டு, கொதிகலன்களில் நிலக்கரி அள்ளிப் போட்டார்கள். அறைகளுக்குப் போகும் வெந்நீரும் வெப்பமும் நிறுத்தப்பட்டன. அந்த நீராவியும் என்ஜினுக்கே போனது. கப்பல் தன் வழக்கமான வேகத்தை தாண்டிப் பறந்தது.

3 சாப்பாட்டு அறைகளில் 3 டாக்டர்கள் தயாராக நின்றார்கள். கம்பளி, சூப், காபி, டீ எல்லாம் ரெடி. குழந்தைகளை மேலே தூக்க கேன்வாஸ் பைகள்கூட எடுத்து வைக்கப்பட்டன.

வழியெங்கும் பனிப்பாறைகள். வேகத்தை குறைத்தால் அங்கே உயிர்கள் போகும். குறைக்காவிட்டால் தன்னை நம்பி ஏறிய பயணிகளுக்கே ஆபத்து. கண்காணிக்க கூடுதல் ஆட்களை நிறுத்தி, பாறைகளை விலக்கி விலக்கி ஓட்டினார். நடுவே தொப்பியை தூக்கிப் பிடித்து சத்தமில்லாமல் பிரார்த்தனை செய்தார்.

அதிகாலை 4 மணிக்கு அங்கே போனபோது டைட்டானிக் இல்லை. 2.20 மணிக்கே மூழ்கிவிட்டது. சுமார் 1,500 பேர் பலியாகிவிட்டனர். 4.10-க்கு முதல் படகு வந்து சேர்ந்தது. 8.30-க்கு கடைசி படகு. இதைவிட பக்கத்திலேயே கலிபோர்னியன் என்ற கப்பல் இருந்தது. அதன் வயர்லெஸ் ஆபரேட்டர் தூங்கிவிட்டதால் அபாயச் செய்தி அங்கே எட்டவே இல்லை.

கார்பேதியா பயணிகள் தங்கள் துணிமணிகளையும் அறைகளையும் கொடுத்து உதவினர். ராஸ்ட்ரன் தன் பயணத்தை ரத்து செய்து, 18-ந்தேதி இரவு அனைவரையும் நியூயார்க்கில் இறக்கினார்.

தேடி வந்த பெருமை

உயிர் பிழைத்தவர்கள் அவருக்கு வெள்ளிக் கோப்பை பரிசளித்தனர். கப்பல் ஊழியர்களுக்கும் பதக்கம் கிடைத்தது. அமெரிக்க பாராளுமன்றத்தின் தங்கப்பதக்கமும் கேப்டனுக்கு வந்தது. 1926-ல் சர் பட்டம், 1928-ல் குனார்டு கப்பல்களின் தலைமை கேப்டன் பதவி. ஆனாலும் அன்று கப்பலை வழிநடத்தியது கடவுளின் கை என்றே அவர் நம்பினார்.

கார்பேதியா 1918-ல், முதல் உலகப் போரில், ஜெர்மனி நீர்மூழ்கி தாக்கி மூழ்கியது. 1931-ல் ஓய்வு பெற்ற ராஸ்ட்ரன், 1940 நவம்பர் 4-ந்தேதி நிமோனியா காய்ச்சலால் 71 வயதில் இறந்தார்.

டைட்டானிக்கில் கணவரை பறிகொடுத்த 3 பெண்கள் நன்றியோடு அவருக்கு ஒரு தங்க கடிகாரம் கொடுத்திருந்தார்கள். அது 2024 நவம்பரில் 15 லட்சத்து 60 ஆயிரம் பவுண்டுக்கு விலைபோனது. அப்போதைய மதிப்பில் நம்ம பணத்தில் 16 கோடி ரூபாய்க்கும் மேல்!