மேரி கால்கின்ஸ் அம்மையார்

காஞ்சி மாநகர் பட்டு நெசவாலும் கோயில்களாலும் பெயர் பெற்றது. பண்டைக் காலத்தில் அது கல்விக்கும் உறைவிடமாய் விளங்கிற்று. மணிமேகலை அந்நகரை அடைந்து, மக்களின் பசிப்பிணி தீர்த்து, அறவண அடிகளிடம் அளவை நூலும் அறநெறியும் கேட்டுணர்ந்தாள் என்று சாத்தனாரின் காப்பியம் கூறும். பெண் என்பது பற்றி அடிகள் அவளுக்குக் கல்வியை மறுத்தாரல்லர். காப்பியத்தில் இங்ஙனம் எளிதாக நிகழ்ந்தது, பல நூற்றாண்டுகளுக்குப் பின் அமெரிக்க நாட்டில் ஒரு நங்கைக்கு மிக அரிதாயிற்று. அந்நங்கையே உளநூற் புலமையால் புகழெய்திய மேரி விட்டன் கால்கின்ஸ் அம்மையார்.

அவர் கனெக்டிகட் மாநிலத்தில் 1863 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 30 ஆம் நாள் பிறந்தார். தந்தையார் கிறித்தவ சமய குரு. மக்கள் ஐவருள் மேரியே மூத்தவர். ஸ்மித் கல்லூரியில் 1885 இல் பட்டம் பெற்று, 1887 இல் வெல்லெஸ்லி மகளிர் கல்லூரியில் கிரேக்க மொழி கற்பிக்கும் பணியை மேற்கொண்டார்.

அக்காலத்தில்தான் உளநூல் தத்துவத்தினின்று பிரிந்து, ஆய்வுக் கூடத்தில் சோதித்தறியும் புதிய கலையாக உருப்பெற்று வந்தது. அதனைத் தம் மாணவியர்க்குக் கற்பிக்க விழைந்த கல்லூரியார், முதலில் ஓராண்டு பயின்று வருமாறு அம்மையாரைப் பணித்தனர். ஹார்வர்டு பல்கலைக் கழகமோ ஆடவர்க்கே உரியதாய் இருந்தது. தந்தையார் விண்ணப்பம் எழுதினார்; வில்லியம் ஜேம்ஸ் முதலிய பேராசிரியர்களும் பரிந்து பேசினர். 1890 இல், மாணவராகப் பதிவு பெறாமல் வகுப்பில் அமர மட்டும் இசைவு கிடைத்தது. ஜேம்ஸின் வகுப்பில் உடன் பயில வந்த ஆடவர் சிலர் விரைவில் விலகினர். எஞ்சிய ஒரே மாணவியும் ஆசிரியரும் நூலகத்துக் கணப்பின் அருகே அமர்ந்து, அவ்வாண்டு வெளிவந்த ஜேம்ஸின் பெருநூலை ஆராய்ந்தனர். நாட்டின் தலைசிறந்த உளநூலாசிரியரிடம் தனித்துப் பயிலும் பேறு பதிவு பெற்ற மாணாக்கர் எவர்க்கும் வாய்க்கவில்லை!

மறு ஆண்டு வெல்லெஸ்லியில் ஓர் ஆய்வுக் கூடம் நிறுவினார். மகளிர் கல்லூரி ஒன்றில் அமைந்த முதல் உளநூல் ஆய்வுக் கூடம் அதுவே. பின்னர் மீண்டும் ஹார்வர்டு சென்று, மூன்ஸ்டர்பெர்க் என்னும் செருமானியப் பேரறிஞரிடம் நினைவாற்றல் பற்றி ஆராய்ந்தார். காஞ்சிப் பட்டுச் சேலையில் உடலையும் கரையையும் வெவ்வேறு நாடாக்களால் நெய்து, ஒவ்வோர் ஊடையிலும் ஒன்றோடொன்று கோப்பர். அதனைக் கோர்வை என்பர் நெசவாளர். நம் உள்ளமும் ஒரு பொருளை மற்றொரு பொருளோடு அவ்வாறே கோத்து வைக்கிறது. அக்கோர்வை எதனால் உறுதிப்படுகிறது என்பதே அம்மையாரின் வினா. ஒரு வண்ணத்தைக் காட்டி உடனே ஓர் எண்ணைக் காட்டுவார். இவ்வாறு பல இணைகளைக் காட்டிய பின், வண்ணத்தை மட்டும் காட்டி எண்ணைக் கேட்பார். பன்முறை சேர்ந்து வந்த இணைகளே நன்கு நிலைத்தன என்று கண்டார். அவர் வகுத்த அம்முறை இன்றும் ஆய்வாளரால் கையாளப்படுகிறது.

1895 இல் ஹார்வர்டு ஆசிரியர்கள் அவரைத் தேர்ந்து, முனைவர் பட்டத்துக்குரிய தகுதி யாவும் நிறைந்தவர் என ஒருமுகமாகத் தெரிவித்தனர். ஆட்சியாளர் பட்டம் தர மறுத்தனர். புலமையில் குறை கண்டாரல்லர். அவர் பெண் என்பதே தடை. நம் நாட்டில் கல்கத்தாப் பல்கலைக் கழகம் 1883 இலேயே காதம்பினி, சந்திரமுகி என்னும் மகளிர் இருவர்க்குப் பட்டம் வழங்கிவிட்டது என்பதை ஈண்டு நினைத்தல் தகும்.

ஆடவர் அறிவும் மகளிர் அறிவும் இயல்பிலேயே வேறு என்று ஜாஸ்ட்ரோ என்பவர் அந்நாளில் எழுதினார். அம்மையார் மாணவியரைக் கொண்டு அச்சோதனையை மீண்டும் செய்வித்தார். முடிவுகள் அவர் கூற்றோடு ஒத்து வரவில்லை. பிறந்த நாள்முதல் வேறு வேறாக வளர்க்கப்படுவோரிடம், இயல்பு எது, வளர்ப்பு எது என்று பிரித்தறிதல் இயலாது என வாதிட்டார். தமக்கு இழைக்கப்பட்ட அநீதிக்கு அவர் அளித்த விடையாகவே இதனைக் கொள்ளலாம்.

1902 இல், ஹார்வர்டை அடுத்திருந்த ராட்கிளிஃப் மகளிர் கல்லூரி அவர்க்கும் வேறு மூவர்க்கும் முனைவர் பட்டம் தர முன்வந்தது. ஏனையோர் ஏற்றனர், அவர்களைக் குறை கூறுதல் முறையன்று. அப்பட்டம் அவர்களுக்கு வாழ்வில் பயன்படக் கூடியதே. மூன்ஸ்டர்பெர்க்கும் அம்மையாரை ஏற்குமாறு தூண்டினார். அவரோ, பயின்றது ஹார்வர்டில், பட்டம் மட்டும் பிறிதோரிடத்திலா என்று எண்ணி, பணிவோடு மறுத்தார்.

பட்டம் இன்மை அவர் உயர்வைத் தடுக்கவில்லை. 1905 இல் அமெரிக்க உளநூற் கழகத்துக்கும், 1918 இல் அந்நாட்டுத் தத்துவக் கழகத்துக்கும் தலைவரானார். இரண்டிலும் அவரே முதற் பெண் தலைவர். நூல்கள் பல இயற்றினார். முதிய பெற்றோரைப் பேணியவாறே வெல்லெஸ்லியில் 1929 வரை கற்பித்தார்.

1927 இல் ஹார்வர்டில் பட்டம் பெற்ற அறிஞர் சிலர், அவர்க்குரிய பட்டத்தை இனியேனும் வழங்குக என விண்ணப்பித்தனர். அதுவும் மறுக்கப்பட்டது. 1930 பிப்பிரவரித் திங்களில் அம்மையார் இயற்கை எய்தினார். ராட்கிளிஃப் மாணவியர் ஹார்வர்டின் பெயராலேயே பட்டம் பெறத் தொடங்கியது 1963 இல். கால்கின்ஸ் அம்மையாரின் பட்டம் அதன் பின்னரும் வழங்கப்படவில்லை.