லெ கொர்புசியே: வானோங்கிய ஊரை வகுத்தவர்

வீடு கட்டுதல் எளிது. அயல் கட்டுதல் அரிது. நிலம் சுருங்கி மக்கள் பெருகும் நகரங்களில், ஒரு குடும்பத்தின்மேல் இன்னொரு குடும்பமாக அடுக்கப்படும் மக்கள் ஒருவர்க்கொருவர் அயலவராதல் எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடைகாண முயன்று, ஓரளவு வென்று, ஓரளவு தோற்றவர் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே. அன்னாரின் வாழ்வு நம் மாணவர் அறியத்தக்கது.

அவர் 1887ஆம் ஆண்டு ஒக்டோபர் 6ஆம் நாள், சுவிற்சர்லாந்தின் கடிகாரத் தொழில் நகராகிய லா ஷோ டெ ஃபோனிற் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சார்ள்ஸ் எடுவார் ஜன்னரே. தந்தையார் கடிகார முகப்புக்களுக்கு மெருகிடுபவர்; தாயார் இசையாசிரியை. கடிகாரக் கூடுகளிற் சித்திரம் செதுக்கப் பயின்ற அவரைக் கட்டடக் கலையின்பால் திருப்பியவர், ஊர்க் கலைப்பள்ளி ஆசிரியரான லெப்லத்தெனியே ஆவர். நல்லாசிரியர் ஒருவரின் பார்வை மாணவன் வாழ்வையே மாற்றும் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

1907இல் இத்தாலிக்குச் சென்ற இளைஞர், புளோரன்சு நகருக்கு அண்மையிலுள்ள எமா துறவிமடத்தைக் கண்டார். அங்கே ஒவ்வொரு துறவிக்கும் தனி உறையுளும் சிறு தோட்டமும் உண்டு. வழிபாட்டிடம் முதலியன எல்லார்க்கும் பொது. தனிமையும் கூட்டுறவும் ஒரு மதிலுக்குள் இணங்கி வாழக்கூடும் என்னும் எண்ணம் அன்றே அவருள்ளத்தில் வேரூன்றியது. பின்னர் பரிசில் பெரே என்பாரிடம் கொங்கிறீற்று வேலையைக் கற்றார். பேர்லினில் பேரன்ஸ் என்பாரிடமும் பணிபுரிந்தார். 1917இல் பரிசிற் குடியேறி, 1920இல் லெ கொர்புசியே என்னும் புனைபெயரைப் பூண்டு, 1930இற் பிரெஞ்சுக் குடிமகனானார்.

அவரின் இளமைத் திட்டங்கள் பெரியன, அச்சமூட்டுவனவுங்கூட. 1925இல் வெளியிட்ட திட்டமொன்றிற் பரிசு நகர்நடுவின் ஒரு பகுதியை இடித்து, 18 கோபுரக் கட்டடங்களை எழுப்பலாமென்றார். அங்கு வாழ்ந்தோரின் விருப்பத்துக்கு அதில் இடமில்லை. போர்க்காலத்தில் விஷி அரசின் ஆதரவைப் பெற முயன்றதும் அவர் வாழ்வின் குறையே. இவற்றை மறைத்துப் புகழ்தல் முறையன்று.

போர் முடிந்தபின், வீடிழந்தோர்க்கு உறையுள் அமைக்குமாறு 1945இற் பிரெஞ்சு அரசாங்கம் அவரைப் பணித்தது. மார்செயில்ஸ் நகரில் 1947 ஒக்டோபர் 14இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1952இல் அதே நாளிற் கட்டடம் திறக்கப்பட்டது. நீளம் 137 மீற்றர். அகலம் 24 மீற்றர். உயரம் 56 மீற்றர். தனித்திருப்போர் முதற் பெருங்குடும்பத்தினர் வரை அனைவர்க்கும் பொருந்த, 23 வகையில் 337 வீடுகள் அமைந்தன. ஏறக்குறைய 1,600 பேர் வாழும் ஓர் ஊரே தூண்கள்மீது நின்றது எனலாம்.

அதன் அமைப்பு நுட்பமானது. மூன்று மாடிக்கு ஒன்றாக உள்வீதி ஓடும். அதன் இருபுறத்து வீடுகளும் ஒன்றையொன்று தழுவி, ஒன்று மேலாகவும் மற்றது கீழாகவும் செல்லும். ஆதலின் பெரும்பாலான வீடுகள் கிழக்கும் மேற்கும் திறந்து, காலை வெயிலும் மாலை வெயிலும் குறுக்கோடும் காற்றும் பெற்றன. ஆழ்ந்த முகப்புக்கள் கோடையின் உயர்ந்த வெயிலைத் தடுத்து, மாரியின் தாழ்ந்த வெயிலை உள்ளே விட்டன. குளிர்காற்று வீசும் வடபுறத்திற் சாளரமே இல்லை. அயலொலி புகாதிருக்கவும் வழி செய்யப்பட்டது; தன் வீட்டில் அமைதியுள்ளவனே அயலானை முகமலர்ந்து வரவேற்பான் அன்றோ! ஏழாம் எட்டாம் மாடிகளிற் கடைகளும் விடுதியும், உச்சியிற் பாலர் பள்ளி, சிறுவர் நீராடு குளம், ஓட்டப்பாதை, உடற்பயிற்சிக்கூடம் என்பனவும் அமைந்தன.

ஊரவர் அதனைப் பித்தன் வீடென எள்ளினர், வழக்குந் தொடரப்பட்டது. ஆயினும் குடிபுகுந்தோர் பலர் அதனை விரும்பி நிலைத்தனர். கடைகள் மாத்திரம் எதிர்பார்த்தவாறு செழிக்கவில்லை. வீதியிற் செல்வோர் ஏழாம் மாடிக்கு ஏறி வாரார். காலப்போக்கிற் சில கடைகள் அலுவலகங்களாயின.

பெருங்கேடு விளைந்தது அவரைப் பின்பற்றியோராலேயாம். பல நாடுகளில் உயரத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டு, பள்ளியையும் கடையையும் உச்சிமுற்றத்தையும் செலவெனக் கைவிட்டனர். அமெரிக்காவின் சென் லூயி நகரில் எழுந்த 33 பதினொரு மாடிக் கட்டடங்கள், வறுமையாலும் பராமரிப்பின்மையாலும் சீரழிந்து, 1972 முதற் தகர்க்கப்பட்டன.

நம் நாட்டுக்கும் இவர்க்கும் தொடர்புண்டு. கண்டியைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் மினெத் டி சில்வா, 1947இல் இங்கிலாந்தில் நிகழ்ந்த கட்டடக் கலைஞர் மாநாட்டிற் கலந்துகொண்டவர். லெ கொர்புசியேயின் நண்பராய்க் கடிதத் தொடர்பும் கொண்டிருந்தார். ஆயினும் பின்னர் கண்டி வட்டப்புளுவையில் வீடமைப்புத் திட்டத்தை வகுத்தபோது, குடிவரவிருந்தோரிடமே வினாக்கொத்து வாயிலாக அவர்தம் தேவைகளைக் கேட்டறிந்தார். முன்னவர் பரிசு நகர்க்கு வரைந்த திட்டத்திற் செய்யாததை இவர் செய்தார்.

லெ கொர்புசியே 1965 ஓகஸ்ட் 27இல் மத்தியதரைக் கடலில் நீராடுகையில் உயிர்நீத்தார். 2016இல் மார்செயில்ஸ் கட்டடம் உள்ளிட்ட அவர்தம் 17 படைப்புக்கள் உலக மரபுரிமைச் சின்னங்களாயின. கொழும்பிலும் மாடிவீடுகள் வானை எட்டும் இக்காலத்தில், பொறியியலும் கட்டடக் கலையும் பயிலச் செல்லும் நம் கல்லூரி மாணவர் ஒன்றை நினைவிற் கொள்வாராக: வெயிலையும் காற்றையும் அளந்தறியக் கருவிகள் உண்டு, அங்கு வாழ்வோரின் உள்ளத்தை அறியக் கேட்டலன்றி வேறு கருவியில்லை.