சிலேடைச் செல்வர் காளமேகம்

ஒரு சொல்லினின்று இருபொருள் தோன்றச் செய்தல் எம்மொழிப் புலவர்க்கும் உவப்பளிப்பதொரு தொழில். ஆங்கில நாடக ஆசிரியராகிய ஷேக்ஸ்பியர் இதனிற் பெருவிருப்புடையவர். அவ்விருப்பமே அவர்தம் நூல்கட்கு இழுக்காயிற்றென்று ஜான்சன் என்னும் பேரறிஞர் 1765-ஆம் ஆண்டிற் கடிந்தெழுதினார். நந்தமிழ் நாட்டினரோ இதனை அணியென்றே போற்றினர். தண்டியலங்கார நூலார் இதற்குச் சிலேடை எனப் பெயர்கூறி, சொற்கள் பிரியாது நின்று இருபொருள் தருவது செம்மொழிச் சிலேடை என்றும், பிரிந்து வேறுவேறு சொற்களாகி இருபொருள் தருவது பிரிமொழிச் சிலேடை என்றும் வகுத்துள்ளார். இவ்வணியிலே தமக்கு நிகர் தாமேயாக விளங்கியவர் காளமேகப் புலவர். அவர்தம் வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காளமேகம் 15-ஆம் நூற்றாண்டினர். அவர் பிறந்த ஊர் கும்பகோணத்தை அடுத்த நந்திக்கிராமம் என்பர் ஒரு சாரார். விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரம் என்பர் மற்றொரு சாரார். எண்ணாயிரம் இன்று விக்கிரவாண்டி வட்டத்தில் அடங்கியதொரு சிற்றூர். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வாழ்வாருள்ளே அதன் பழம்பெருமையை அறியாதார் பலர். அதனை அடுத்த குன்றிலே சமண முனிவர் துயின்ற கற்படுக்கைகள் உள்ளன. முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் அவ்வூரிலே 340 மாணவரும் 14 ஆசிரியரும் கொண்டதொரு கல்லூரி நடைபெற்றதென்று அங்குள்ள கல்வெட்டுக் கூறுகின்றது. அத்தகைய ஊர் ஒரு புலவரைத் தன் மகவென்று உரிமை கொண்டாடுவதில் வியப்பில்லை.

இவர்க்குப் பெற்றோர் இட்ட பெயர் வரதன். வைணவ குலத்தினராகிய இவர் திருவரங்கக் கோயில் மடைப்பள்ளியிற் பணிசெய்து வந்தார். திருவானைக்காக் கோயிலைச் சார்ந்த மோகனாங்கி என்னும் ஆடல்மகளிடத்துக் காதல் கொண்டு, அவள் பொருட்டுச் சைவராயினார் என்பது கர்ணபரம்பரை. அக்கோயிலிலே ஒருவர் கல்வி வேண்டித் தவங்கிடந்தார். அம்மை பெண்ணுருக் கொண்டு வந்து தன் வாய்த்தாம்பூலத்தை அவர்க்கு அளிக்க, அவர் அருவருத்து மறுத்தார். ஆங்கு உறங்கிக்கிடந்த வரதன் தயக்கமின்றி ஏற்றுப் பெரும்புலவராயினார் என்றும் கூறுவர். இக்கதையை அவ்வண்ணமே கொள்ளினும் கொள்ளாதொழியினும், கார்முகில் மழை பொழிவதுபோலத் தடையின்றிக் கவி பொழிந்தமையால் வரதன் என்னும் பெயர் மறைந்து காளமேகம் என்னும் பெயரே நிலைபெற்றது.

திருவானைக்கா உலா, சித்திர மடல் முதலிய நூல்கள் இவர் பெயரால் வழங்கினும், இவர் புகழை நாட்டில் நிறுத்தியவை தனிப்பாடல்களேயாம். யானையையும் வைக்கோலையும் ஒரே வெண்பாவில் அடக்கிய திறத்தை நோக்குக. களம் என்பது யானைக்குப் போர்க்களம், வைக்கோலுக்கு நெற்களம். போர் என்பது யானைக்குச் சமர், வைக்கோலுக்குக் குவியல். இங்ஙனமே நாயையும் தேங்காயையும் இணைக்குங்கால், ஓடும் என்னும் ஒரு சொல் நாய்க்கு வினையாகின்றது. தேங்காய்க்கோ புறத்தேயுள்ள ஓட்டைக் குறிக்கும் பெயராகின்றது. குதிரையையும் கீரைப்பாத்தியையும் பாடும்போது கால் என்பது ஒன்றற்கு உறுப்பும் மற்றொன்றற்கு நீரோடும் வாய்க்காலுமாயிற்று. பாம்பையும் வாழைப்பழத்தையும் பாடுமிடத்து, பாம்பிற்கு நஞ்சு விடமாகும். பழம் மிகக் கனிந்து நைந்தமையைக் குடியானவர் பேச்சிற் கூறும் சொல்லும் அதுவேயாகும். ஏட்டுத் தமிழில் மட்டுமன்றி நெற்களத்திலும் தோட்டத்திலும் வழங்கும் தமிழிலும் இவர் பழகியிருந்தமை இவற்றாற் புலனாம்.

ஆங்கிலத்திற் பெரும்பாலும் ஒரு சொல்லோ தொடரோ இரட்டுற நிற்கும். காளமேகத்தின் பாட்டிலோ முதலிலிருந்து ஈறுகாறும் முழுச்செய்யுளும் இரட்டுற மொழிகின்றது. இதற்குத் தமிழின் இயல்பும் துணைசெய்தது. புணர்ச்சியாற் சொல்லும் சொல்லும் கலந்து எல்லை மறைகின்றது. செய்யும் என்னும் வினைமுற்று அஃறிணை ஒருமைக்கும் பன்மைக்கும் ஒப்ப நிற்கின்றது. பழைய ஓலைச்சுவடிகளிற் சொல்லிடையே இடம் விடுதலும் புள்ளியிடுதலும் இல்லை. ஆதலின் இப்பாடல்களை வேற்று மொழியிற் பெயர்த்தல் அரிது. பெயர்ப்பின் ஒரு பொருள் நிற்க மற்றொரு பொருள் ஓடிவிடும். காளமேகத்தின் பெருமை தமிழெல்லையைக் கடந்து பரவாமைக்கு இஃதும் ஒரு காரணமெனலாம்.

இவர் நா புகழவும் வல்லது; இகழவும் வல்லது. ஒருகால் நாகப்பட்டினத்திலே காத்தான் என்பவனது சத்திரத்திற்குப் பசியோடு சென்றார். உணவு வர நெடும்பொழுதாயிற்று. பொழுது சாயும் வேளையில் அரிசி வருமென்றும், ஊர் உறங்கும் வேளையில் உலையேறுமென்றும், ஓரகப்பை இலையில் விழும்போது விடிவெள்ளி தோன்றுமென்றும் பொருள்பட ஒரு வெண்பாப் பாடினார். காத்தான் நடுங்கி மன்னிப்பு வேண்டினான். புலவர் பாட்டில் ஓரெழுத்தையும் மாற்றாது பொருளை மட்டும் மாற்றினார். உலகில் விளைவு குன்றிய காலத்தும் இங்கு அரிசி வந்து குவியும். அதனாலே ஊரின் பசி அடங்கும். இலையில் இடும் சோற்றின் வெண்மை கண்டு வெள்ளியும் நாணும் என்பது இரண்டாம் பொருள். வசையே வாழ்த்தாயிற்று.

இவர் வாழ்விற் பெருஞ்சோதனை திருமலைராயன் அவையிலே நேர்ந்தது. அங்கே 64 புலவர்க்குத் தலைவராக அதிமதுரகவிராயர் வீற்றிருந்தார். புதிதாக வந்த காளமேகத்திற்கு இருக்கையும் கொடுத்திலர். எமகண்டம் பாடுவேன் என்றார் அவர். ஆழ்ந்த குழியில் எண்ணெய் கொதிக்க, மேலே தொங்கும் உறியில் அமர்ந்து, கழுத்திலும் இடையிலும் கூரிய கத்திகள் கட்டப்பெற்று, அவற்றின் சங்கிலிகளை யானைகள் பற்றி நிற்க, கேட்பார் கேட்ட குறிப்பிற்கெல்லாம் அக்கணமே கவி கூறுவது எமகண்டமாம். ஒரு சொல் தடைப்படின் உயிர் நில்லாது. காளமேகம் ஒன்றிலும் இடறாது பாடி வென்றார். அவ்வாறு வென்றும் அரசன் பரிசளித்திலன்; ஒரு நல்லுரையும் கூறிற்றிலன். வெகுண்ட புலவர் மண்மாரி பொழிந்து அவ்வூர் அழிகவெனப் பாடினார் என்பர். திருமலைராயன்பட்டினம் காரைக்காலுக்கு அருகே இன்றும் உளது. அழியாது நின்ற பழி அரசனுடையதே. ஆயினும், ஒருவன் செய்த பிழைக்கு ஓரூரையே சபித்தது தகுமோ என்னும் வினா நம் உள்ளத்தில் எழாமற் போகாது. காத்தானுக்கு இரங்கி வசையை வாழ்த்தாக்கிய நா இங்கு அவ்வாறு இரங்கிற்றிலது.

அவர் முடிவைப் பற்றி வழங்கும் கதை உருக்கமானது. விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூரின்மீது கலம்பகம் பாடிய இரட்டைப் புலவருள் ஒருவர் குருடர், மற்றவர் முடவர். குருடர் முடவரைச் சுமப்பர். ஒருவர் பாதி பாட மற்றவர் முடிப்பர். திருவாரூரிலே ஒரு வெண்பாவின் முற்பாதியைப் பாடிப் பிற்பாதி அமையாது எழுதிவைத்துச் சென்றனர். பின்னர் அவ்வழி வந்த காளமேகம் அதனை நிறைவு செய்தார். மீண்டு வந்த இருவரும் அது கண்டு வியந்து அவரைத் தேடிச் சென்றபோது, அவர் உடல் ஈமத்தீயில் வெந்துகொண்டிருந்தது. நேரில் வணங்க எண்ணி வந்தவர் இரங்கற்பாப் பாடி நின்றனர்.

பிற்காலத்திலே இராமநாதபுரம் பொன்னுசாமித் தேவர் ஆதரவில் தில்லையம்பூர்ச் சந்திரசேகர கவிராச பண்டிதர் தொகுத்த தனிப்பாடற்றிரட்டினாலேயே இவர் பாடல்கள் பல நமக்குக் கிடைத்தன. அவற்றுட் சில பிறர் பாடியனவாகவும் இருக்கலாம் என்பர் ஆராய்ச்சியாளர். எனினும், சொல்லின் இருபாலும் நோக்கி ஆளும் திறத்திற்கு இவரினும் சிறந்த ஆசிரியரைக் காண்டல் அரிது. சிலேடை வேறு, இரட்டை நாக்கு வேறு. முன்னது இரு பொருளையும் கேட்பார்க்கு வெளிப்படையாக அளித்து மகிழ்விக்கும். பின்னது ஒன்றைக் காட்டி மற்றொன்றை ஒளித்து வஞ்சிக்கும். தமிழ் பயிலும் மாணவராகிய நாம் காளமேகத்தினிடம் முன்னதைக் கற்போமாக. அவர்தம் சினத்தை மட்டும் அவரோடே விட்டுவிடுவோமாக.