மல்லர் கோமான் காமா

ஞாயிற்றுக்கிழமை இரவு தொலைக்காட்சியிலே அமெரிக்க நாட்டு மற்போர்ச் சிறப்பு நிகழ்ச்சி காட்டப்பெற்றால், திங்கட்கிழமை காலையில் எம் பாடசாலை முற்றம் அதன் எதிரொலியாகவே விளங்கும். வலப்பனைக்கும் இராகலைக்கும் இடைப்பட்ட மலைச்சரிவுகளிலுள்ள தோட்டங்களிலிருந்து வரும் சிறுவர், புத்தகப் பைகளை ஒருபுறம் குவித்துவிட்டு, பனி உலராத புல்லின்மேல் ஒருவரையொருவர் தூக்கி எறிவர். சென்ற தவணையில் ஒருவன் அட்டைப் பெட்டியை வெட்டி, மின்னும் தாளை ஒட்டி, அகன்ற வெற்றிக் கச்சையொன்று செய்து இடுப்பிற் கட்டிக்கொண்டு வகுப்புக்கே வந்துவிட்டான். அதனைக் கழற்றி என் மேசைமேல் வைக்கச் சொன்னேன். வைத்தவன், அங்கே நடப்பவை யாவும் மெய்யான போர்தாமோ என்று தயங்கித் தயங்கி என்னிடம் வினவினான்.

மாணவனுக்குப் பொய் சொல்லுதல் ஆசிரியனுக்கு அழகன்று. 1989 ஆம் ஆண்டிலே நியூ ஜெர்சி மாநிலத்து ஆட்சியாளர் முன்னிலையில், அக்காட்சிகளை நடத்தும் நிறுவனத்தாரே இவை போட்டிகளல்ல, மக்களை மகிழ்விக்கும் கேளிக்கைகளே என்று ஒப்புக்கொண்டனர் என்பதையும், வெல்பவர் யார் தோற்பவர் யார் என்பது முன்னரே வகுக்கப்படுவதையும் எடுத்துரைத்தேன். விழுபவருக்கு உண்டாகும் நோவு மெய்யானது. முடிவு மட்டுமே புனைவு. கூத்தைக் கூத்தென்று அறிந்து காண்பதில் இழுக்கில்லை என்றும் சொன்னேன். ஆயினும் அவன் முகம் வாடிவிட்டது. அந்த வாட்டத்தைப் பொறாமலே அன்று இலக்கணப் பாடத்தை நிறுத்திவிட்டுக் காமாவின் வரலாற்றைக் கூறத் தொடங்கினேன். மணி அடித்தமையாற் குறைநின்ற அவ்வரலாற்றை ஈண்டு நிறைவு செய்கின்றேன்.

மற்போர் தமிழருக்குப் புதியதன்று. போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்னும் சோழன், ஆமூர் மல்லனோடு பொருது அவனை வீழ்த்திய காட்சியைச் சாத்தந்தையார் கண்முன் நிற்கும்படி பாடியுள்ளார். புறநானூறு கற்றோர் அதனை மறவார். அரசனே களத்தில் இறங்கி மல்லாடிய அக்காலம் கழிந்தது. பிற்காலத்தில் வடநாட்டுச் சிற்றரசர்கள் யானையையும் குதிரையையும் புரந்தது போலவே மல்லரையும் புரந்தனர். நாம் வழங்கும் பயில்வான் என்னும் சொல்லும் அவர்கள் வழியாக வந்ததே. பயிலுதல் என்னும் வினையடியிற் பிறந்ததென்று அதனைக் கொள்வார் உளர்; பாரசீகப் பஹல்வானே தமிழ் நாவிற் படிந்து அவ்வாறாயிற்று என்பதே பொருந்தும். பயிற்சியின்றிப் பயில்வான் இல்லையாதலின், தவறான அச்சொற்பிறப்பும் ஒருவாறு அழகியதே!

காமாவின் இயற்பெயர் குலாம் முகம்மது. 1878 ஆம் ஆண்டு பஞ்சாபிலே அமிர்தசரசைச் சார்ந்த ஜப்போவால் என்னும் சிற்றூரிற் பிறந்தவர் என்பர். காசுமீரத்து மரபினரான அவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக மற்போரையே தொழிலாகக் கொண்டது. தந்தையார் முகம்மது அசீஸ் தாமும் மல்லரே. மைந்தனுக்கு ஆறு வயதாகும்போது அவர் காலமானார். தாய்வழிப் பாட்டனாரும் மாமனும் சிறுவனை ஏற்று, தந்தை விட்ட இடத்திலிருந்து வளர்த்தனர்.

பத்தாம் வயதில், 1888 ஆம் ஆண்டு, சோத்பூர் அரசர் ஒரு போட்டி வைத்தார். அது மற்போரன்று, பஸ்கி எனப்படும் அமர்ந்தெழும் பயிற்சியை யார் நெடுநேரம் செய்யவல்லார் என்னும் பொறுமைப் போட்டி. நாடெங்குமிருந்து நானூற்றுக்கு மேற்பட்ட மல்லர் வந்திருந்தனர். ஒருவர்பின் ஒருவராகத் தளர்ந்து விலக, இறுதியில் எஞ்சிய பதினைவருள் ஒருவனாக அப்பாலகனும் நின்றான். அவ்விளமையை நோக்கி அரசர் அவனையே வென்றவனாக அறிவித்தார். இச்செய்தியைச் சொன்னபோது என் மாணவர் சிலர் பஸ்கி செய்யத் தொடங்கிவிட்டனர். கொழுந்துக் கூடையைச் சுமந்து செங்குத்தான மலை ஏறும் அன்னையரின் பிள்ளைகளுக்கு முழங்கால் வலிமை குடிப்பிறப்பாகவே வந்தது போலும்.

அதன்பின் தத்தியா அரசர் காமாவைப் புரந்தார். விடியுமுன் எழுதல், கோதாவின் மண்ணைக் கொத்திப் பதமாக்குதல், ஆயிரக்கணக்கில் தண்டாலும் பஸ்கியும் எடுத்தல், கர்லாக்கட்டை சுழற்றுதல், பால், நெய், வாதுமை, இறைச்சிச் சாறு என்பவற்றை அளவோடு உண்ணுதல் என அவர் வாழ்க்கை ஒரு தவமாயிற்று. நாள்தோறும் அவர் எடுத்த தண்டாலுக்கு மூவாயிரம் என்றும் பஸ்கிக்கு ஐயாயிரம் என்றும் கணக்குச் சொல்வர். புகழ்பெற்றோரைப் பற்றிய எண்கள் வாய்க்கு வாய் வளர்வது இயல்பு. எனினும் உடம்பைப் படிப்படியாக ஆக்கிய உழைப்பை எவரும் ஐயுறவில்லை.

பதினேழு வயதினராய் இருந்தபோது, அந்நாளில் இந்திய மல்லருள் முதல்வராய் விளங்கிய ரஹீம் சுல்தானிவாலாவை அவர் அறைகூவி அழைத்தார். ரஹீமின் உயரம் ஏறத்தாழ ஏழு அடி. காமாவோ ஐந்தடி ஏழு அங்குலமே. நெடிய மரத்தின்கீழ் நின்ற கன்றெனக் கண்டோர் நகைத்திருப்பர். பல நாழிகை பொருதும் இருவருள் ஒருவரும் வீழ்ந்திலர். வெற்றி தோல்வியின்றி முடிந்த அப்போரே காமாவின் பெயரை நாடெங்கும் பரப்பிற்று.

1910 ஆம் ஆண்டு தம்பி இமாம் பக்ஷுடனும் வேறு சில மல்லருடனும் அவர் இலண்டன் சென்றார். சரத் குமார் மித்ரா என்னும் வங்கச் செல்வர் பொருளுதவி செய்தார். அக்காலத்து ஐரோப்பாவிலும் மற்போர் நாடகக் கொட்டகைகளிலேதான் பெரும்பாலும் நடைபெற்றது. முடிவை முன்னரே பேசிவைத்துக்கொள்ளும் வழக்கமும் அன்றே தோன்றிவிட்டது. இன்று நம் சிறுவர் காணும் காட்சியின் வித்து அங்கே உள்ளது. அத்தகைய நகரிலே, பேரம் பேசாது பொருவதற்கென்று வந்த இக்கீழ்நாட்டாரை முதலில் மதிப்பாரில்லை. உயரம் குறைந்தவரென்று காமா போட்டியிற் சேர்க்கப்படவும் இல்லை. எத்துணைக் கனத்தவராயினும் மூவரை அரை மணி நேரத்துள் வீழ்த்துவேன் என்று அவர் விளம்பரம் செய்தார். வெற்றுரை என்று பலர் வாளாவிருந்தனர்.

முன்வந்தவர் அமெரிக்கரான பெஞ்சமின் ரோலர். அவர் மருத்துவப் பட்டம் பெற்றவர், தேர்ந்த மல்லர். ஆகஸ்ட்டு மாதத்தில் அல்ஹாம்பிரா அரங்கிலே நடந்த அப்போரில், முதன்முறை ஒரு நிமிடம் நாற்பது விநாடியிலும், இரண்டாமுறை ஒன்பது நிமிடத்துச் சொச்சத்திலும் ரோலரின் முதுகு விரிப்பைத் தொட்டது. இலண்டன் மாநகர் விழித்துக்கொண்டது.

இனி அவர் வாழ்வின் நடுநாயகமான போரைக் காண்போம். ஜான் புல் என்னும் ஆங்கில இதழார், உலக வெற்றிக்கென ஒரு கச்சையும் இருநூற்றைம்பது பவுண் பரிசும் வைத்தனர். எதிர்த்து நின்றவர் போலந்து நாட்டு ஸ்தானிஸ்லாஸ் சிபிஸ்கோ. காமாவினும் ஐம்பது இறாத்தலுக்கு மேற்பட்ட கனமுடையவர், காளையின் கழுத்துடையவர். 1910 செப்டெம்பர் 10 ஆம் நாள் ஷெப்பர்ட்ஸ் புஷ் அரங்கில் இருவரும் சந்தித்தனர். தொடக்கத்திலேயே காமா சிபிஸ்கோவைக் கீழே கொணர்ந்துவிட்டார். அதன்பின் நடந்ததைப் போரென்பதா, பொறுமைச் சோதனை என்பதா?

அம்முறையில், எதிரியின் இரு தோள்களையும் விரிப்பிற் படியவைத்தாலன்றி வெற்றி இல்லை. கவிழ்ந்து கிடப்பவன் தோற்றவனாகான். அவனைப் புரட்டி மல்லாத்த வேண்டும். சிபிஸ்கோ இதனை நன்கறிவார். கைகால்களைப் பரப்பி, பாறைபோல் விரிப்பை அணைத்துக் கிடந்தார். காமா இழுத்தார், தூக்கினார், கழுத்தைப் பற்றினார், காலைப் பற்றினார். ஒருமணி நேரம் சென்றது, இரண்டும் சென்றது. கூடியிருந்தோர் கூவி இகழ்ந்தனர். இரண்டரை மணிக்கு மேலாகியும் முடிவு காணாது போர் நிறுத்தப்பட்டது. ஒரு வாரத்தின்பின், 17 ஆம் நாள், மீண்டும் பொருவதென்று குறித்தனர். அந்நாளில் காமா வந்து நின்றார், சிபிஸ்கோ வரவில்லை. கச்சை காமாவுக்கு உரியதாயிற்று. அப்போது உலகப் புகழ்பெற்றிருந்த ஃபிராங்க் காட்ச் முதலியோரை அறைகூவியும் ஒருவரும் இசையவில்லை.

எதிரியை வீழ்த்திப் பெறாத கச்சையை வெற்றியென்று கொள்ள மெய்யான மல்லனின் மனம் ஒப்புமோ? நாட்டவர் அவரைக் கொண்டாடினர். அடிமை நாட்டின் மகன் ஆள்வோர் தலைநகரில் வென்றான் என்று மகிழ்ந்தனர். மீண்டபின் அலகாபாத்திலே பழைய எதிரியான ரஹீமை வென்று ருஸ்தம்-இ-ஹிந்த் என்னும் பட்டமும் பெற்றார். ருஸ்தம் என்பான் பாரசீகப் பெருங்காப்பியமாகிய ஷாநாமாவின் பெருவீரன். இந்திய நாட்டு ருஸ்தம் என்பது அப்பட்டத்தின் பொருள். 1922 இல் இந்தியா வந்த வேல்ஸ் இளவரசர் வெள்ளிக் கதாயுதம் ஒன்றை அளித்தார். நம் நாட்டு மல்லருக்குக் கச்சையினும் கதையே உயர்ந்த விருது. ஆயினும் கவிழ்ந்து கிடந்த அந்தப் போலந்துக்காரரின் கணக்கு இன்னும் தீரவில்லை.

அந்தச் சிபிஸ்கோவும் எளியர் அல்லர் என்பதை ஈண்டுச் சொல்லவேண்டும். இலண்டனில் நேர்ந்த இழிவை மட்டும் கொண்டு அவரை அளத்தல் முறையன்று. அவர் அமெரிக்கா சென்று 1921 இல் அங்கே முதன்மைப் பட்டம் பெற்றார். அதற்குள் அந்நாட்டு மற்போர் முற்றும் வணிகர் கைப்பட்டுவிட்டது. 1925 இல் வேன் மன் என்னும் பந்தாட்டக்காரர் ஒருவரை, மல்லறியாதவராயினும் கூட்டம் சேர்க்க வல்லவரென்று, ஏற்பாட்டினாலே பட்டத்துக்கு உரியவராக்கி வைத்திருந்தனர். ஏப்பிரல் 15 ஆம் நாள் பிலடெல்பியா நகரில் அவரிடம் தோற்றுக்கொடுக்கச் சிபிஸ்கோ அமர்த்தப்பட்டார். அரங்கேறியதும் அவர் ஒப்பந்தத்தைக் காற்றிற் பறக்கவிட்டு, மன்னை மீண்டும் மீண்டும் விரிப்பிற் கிடத்தினார்; வெற்றியை அறிவிப்பதன்றி நடுவருக்கு வேறு வழி இருந்திலது. அதற்கு வேறு வணிகரின் தூண்டுதலும் இருந்ததென்பர். என் மாணவர் மிகுதியும் ஆரவாரித்தது இவ்விடத்திலேதான்.

1928 சனவரி. பாட்டியாலா அரசர் பூபிந்தர் சிங் காமாவையும் சிபிஸ்கோவையும் தம் நகரில் மீண்டும் பொருத அழைத்தார். இருவரும் ஐம்பது வயதை அணுகியவர். முன்னைப் போருக்குப் பின் பதினேழு ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தன. காண வந்தோர் நாற்பதினாயிரவர் என்பர். இம்முறை விரிப்பில்லை, பதப்படுத்திய மண்ணே களம். இருவரும் கைகோத்தனர். ஒரு நிமிடமும் நிறையவில்லை. சிபிஸ்கோவின் முதுகு மண்ணில் இருந்தது. எத்தனை விநாடி என்பதில் எழுதினோர் வேறுபடுவர். மண் ஒட்டிய முதுகில் வேறுபாடில்லை. எழுந்த சிபிஸ்கோ காமாவைப் புலி என்று போற்றினார் என்பர். ஐம்பதைக் கடந்த யான், நாற்காலியிலிருந்து எழும்போதே மேசையைப் பற்றுகின்றவன், இப்போரை எண்ணுந்தோறும் வியப்படைகின்றேன். மறுஆண்டு ஜெஸ் பீட்டர்சன் என்பாரும் அவ்வாறே விரைவில் வீழ்ந்தார். அதன்பின் காமாவை எதிர்ப்பார் அரியராயினர்.

1947 இல் நாடு பிளவுபட்டது. காமா லாகூரில் மோகினி சாலையில் வாழ்ந்துவந்தார். அத்தெருவில் இந்துக் குடும்பங்கள் பல இருந்தன. கொலைவெறி கொண்ட கூட்டத்தார் வந்தபோது, எழுபதை நெருங்கிய அம்முதியவர் தம் மல்லரோடு தெருமுனையில் நின்றார். முன்வந்தவன் கன்னத்தில் அவர் அறைந்த ஓர் அறையோடு கூட்டம் கலைந்தது என்று லாகூரார் சொல்லிவருகின்றனர். பின்னர் அக்குடும்பங்கள் எல்லை கடக்க உணவும் பொருளும் உதவினார் என்றும் கூறுவர். இப்பகுதியை வகுப்பிற் சொன்னபோது என் குரல் சற்றுத் தடைப்பட்டது. 1983 ஆடியிலே, பதின்மூன்று வயதினனாகிய என்னையும் பெற்றோரையும் இரு இரவுகள் தம் வீட்டு உள்ளறையில் மறைத்துவைத்தவர் மரக்கறித் தோட்டம் செய்துவந்த ஒரு சிங்களப் பெரியவர். அவர் மல்லர் அல்லர்; காற்றடித்தால் சாயும் மெலிந்த உடம்பினர். வாசற்படியில் அவர் அமர்ந்திருந்த இருக்கையை மட்டும் யான் இன்றும் மறந்திலேன்.

புரக்கும் அரசர்கள் மறைந்தபின் காமாவின் முதுமை வறுமையிலும் நோயிலும் கழிந்தது. பெற்ற விருதுகள் வயிற்றை நிரப்பவில்லை. எல்லைக்கு அப்பாலிருந்து இந்தியச் செல்வரான பிர்லா பணமும் மாத உதவியும் அனுப்பினார். பாகிஸ்தான் அரசினரும் உதவினர். தம்பி இமாம் பக்ஷின் மக்களான போலு சகோதரர் குடும்பத் தொழிலைத் தொடர்ந்தனர். 1960 மே 23 ஆம் நாள் லாகூரில் காமா காலமானார். அதன்பின் ஏழாண்டு கழித்து, 1967 இல், அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் சிபிஸ்கோவும் மறைந்தார்.

அட்டைக் கச்சை இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றது. உரியவன் அதனைக் கேட்கவில்லை. சிபிஸ்கோ மறுவாரம் ஏன் வரவில்லை என்பதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கின்றான்.