கலோங்கோவின் வைத்தியர் சுவாமி

இத்தாலி தேசத்தில் அம்ப்ரோசொலி என்றால் தேனும் தேன் மிட்டாயும்தான் முதலில் நினைவுக்கு வரும். கோமோ நகருக்கு அருகே ரொனாகோ என்னும் ஊரில், அந்தத் தேன் வியாபாரக் குடும்பத்தில் 1923-ம் வருஷம் ஜூலை 25-ந் தேதி பிறந்தவர் ஜுசெப்பே. நம் வழக்கப்படி சூசை என்று சொல்லிக்கொள்ளுங்களேன். மிலான் சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்றார். ஊரிலேயே இருந்திருந்தால் பணமும் பேரும் தேடி வந்திருக்கும். அவரோ லண்டனுக்குப் போய் உஷ்ணப் பிரதேச வியாதிகளைப் பற்றிப் படித்தபின், 1951-ல் கொம்போனி வேதபோதக சபையில் சேர்ந்தார். 1955-ம் வருஷம் டிசம்பர் 17-ந் தேதி மிலான் அதிமேற்றிராணியார் மொந்தீனி ஆண்டவர் அவருக்குக் குருப்பட்டம் கொடுத்தார். அந்த ஆண்டவரே பின்னாளில் 6-ம் சின்னப்பர் பாப்பானவர்.

மறுவருஷமே உகாண்டா பயணம். வடக்கே அச்சோலி மக்கள் வாழும் நாட்டில், பாறை மலையடிவாரத்தில் இருக்கிறது கலோங்கோ. அங்கே அவர் கண்டது ஒரு சிறு மருந்துச்சாலையும் பிரசவ விடுதியுமே. சிக்கலான பிரசவத்தில் தவிக்கும் தாய் காட்டுப் பாதையில் எத்தனை தூரம் தூக்கி வரப்படவேண்டும் என்று நினைத்துப் பாருங்கள்! பகலெல்லாம் சுவாமி ரணசிகிச்சை செய்தார். இத்தாலியிலிருந்து தொண்டர் வைத்தியர்களும் வந்து கைகொடுத்தார்கள். கட்டில்கள் முந்நூறுக்கு மேல் பெருகின. ஆனாலும் வந்தவர்கள் ஒருநாள் திரும்பிப் போவார்களே! ஆகவே அந்நாட்டுப் பெண்களையே பழக்க 1959-ல் பிரசவத் தாதிகள் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அவர் செய்ததிலெல்லாம் புத்தியுள்ள காரியம் இதுவே என்பது என் எண்ணம்.

1982-ல் சிறுநீரக வியாதி கண்டது. ஓய்வு எடுக்கும்படி சொன்னார்கள், கலோங்கோவுக்கே திரும்பிவிட்டார்.

பிறகு உள்நாட்டுப் போர். 1987 பிப்ரவரியில் எல்லோரும் வெளியேறும்படி பட்டாளம் உத்தரவிட்டது. 13-ந் தேதி நோயாளிகள், கன்னியாஸ்திரீகள், மாணவிகள் யாவரும் வண்டிகளில் லீரா நகருக்குப் புறப்பட்டார்கள். பின்னால் மருந்துக் கிடங்கு எரிந்தது. முப்பது வருஷ உழைப்பு! சுவாமி முறையிட்டுக்கொண்டு உட்காரவில்லை. மாணவிகளின் படிப்பு பாழாகக்கூடாதே என்பதே அவர் கவலை. தம் சிகிச்சையைத் தள்ளிவைத்துவிட்டு அவர்களுக்கு இடம் தேடினார். மேற்கே அங்கால் மருத்துவமனையில் இடம் கிடைத்தது. அதற்குள் அவர் உடல் ஓய்ந்துவிட்டது. போர்க் குழப்பத்தில் தக்க வைத்தியம் எட்டாமல், மார்ச் 27-ந் தேதி லீராவில் உயிர் நீத்தார். அநேகருக்கு வைத்தியம் செய்தவருக்கு வைத்தியர் கிட்டவில்லை.

அவர் உடல் பின்னர் கலோங்கோவுக்கே கொண்டுவரப்பட்டது. மூடிய மருத்துவமனையும் திறக்கப்பட்டு, இன்று அவர் பேரைத் தாங்குகிறது. 2022 நவம்பர் 20-ந் தேதி அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளிக்கப்பட்டது. அச்சடங்கு நடந்ததும் கலோங்கோவிலேதான். மாணவிகளின் பள்ளியும் தேவமாதாவின் திருநாமத்தோடு அங்கே நடந்து வருகிறது.